காயல்பட்டினத்துப் பையனும் சின்னக் கல்லூரியின் கால்பந்து அணியும்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில், கால்பந்து நன்றாக ஆடுகிற பையன் இருக்கும் காயல்பட்டினத்து வீடுகளுக்குக் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வரும். சில நேரம் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரே பேசுவார். பெரும்பாலும் அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே படிக்கிற நம் ஊர்ப் பையன் ஒருவன்தான் தகவல் கொண்டுவருவான். மைதானத்தில் இவன் அவனைக் காக்கா (அண்ணன்) என்று கூப்பிட்டுப் பழகியவன். “சார் உன் ஆட்டத்தைப் பாத்திருக்காரு. செலக்‌ஷனுக்கு ஒரு நாள் வந்துட்டுப் போ. ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. ஃபீஸ் விஷயம் சார் பேசிக்கிடுவாரு.” வாப்பா துபாயிலோ ஹாங்காங்கிலோ இருப்பார். உம்மாவும் மாமாவும் யோசித்து, ஃபோனில் வாப்பாவிடம் கேட்டு, சில நாளுக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

இந்த அழைப்பை எப்படி எடைபோடுவது என்பதற்கு நம் வீடுகளில் ஒரு வழிமுறை இல்லை. பொறியியல் படிப்பென்றால் கட்-ஆஃப் இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்களைத் தனியே ஒதுக்கி, சான்றிதழ்களுக்கு மதிப்பெண் போட்டு, தரவரிசையும் வெளியிடுகிறார்கள். தனியார் கலை அறிவியல் கல்லூரிகளில் அப்படியில்லை. அங்கே விளையாட்டு வீரரைச் சேர்ப்பதும் அவருக்குச் சலுகை கொடுப்பதும் பெரும்பாலும் உடற்கல்வித் துறைக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே வாய்ப்பேச்சில் முடிகிற காரியம். நம் பையன்களில் பலர் கல்லூரிக்குள் போவது இந்த வாசல் வழியாகத்தான்.

இந்த வழக்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது பல வீடுகளில் முதல் பட்டதாரியை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் நாம் அதை அளக்கிற அளவுகோல் தவறு. கல்லூரி வாசலில் நுழைந்ததும் அலமாரியில் இருக்கிற கோப்பைகளைப் பார்க்கிறோம். பையன் மூன்று வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடுவான், கடைசியில் கையில் என்ன காகிதத்தோடு வெளியே வருவான் என்று கேட்பதில்லை.

காயல்பட்டினத்துக் கால்பந்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்துகிற மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவு அகில இந்தியக் கால்பந்துப் போட்டி கோடைக்காலத்தில் ஊரையே மைதானத்துக்கு இழுத்துவிடும். வெளிமாநில அணிகள் வந்து ஆடும். பெரியவர்கள் அஸர் தொழுதுவிட்டு நேரே மைதானத்துக்கு வந்து உட்கார்வார்கள். இந்த ஊர்ப் பையன் பத்து வயதிலிருந்து நல்ல ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து வளர்கிறான். ஒரு வெளிமாநில அணியின் நடுக்கள ஆட்டக்காரர் பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்ப்பதை அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கவனித்திருக்கிறான். கல்லூரிகள் நம் பையன்களைத் தேடி வருவதற்குக் காரணம் இந்தக் கண் பயிற்சிதான். பள்ளிக்கூடத்தில் கிடைத்த பயிற்சி அதற்கு அடுத்துத்தான்.

ஆண் பிள்ளைகளுக்கு ஊருக்குள் கலைக் கல்லூரி இல்லாததால், கல்லூரி என்றாலே வெளியே போக வேண்டும். பக்கத்தில் திருச்செந்தூரில் 1965-இல் தொடங்கிய ஆதித்தனார் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம். செந்தூர் ரயிலில் ஏறினால் பாளையங்கோட்டை. அங்கே தூய சவேரியார் கல்லூரி, தூய யோவான் கல்லூரி, 1971-இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று ஒரு வரிசையே இருக்கிறது. கடைசியாகச் சொன்ன கல்லூரி யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த மகான் பிறந்ததே நம் காயல்பட்டினத்தில்தான். தூத்துக்குடியில் வ.உ.சி. கல்லூரி. இன்னும் தள்ளிப் போகிறவர்களுக்குத் திருச்சி ஜமால் முகமது, சென்னை நியூ காலேஜ், லயோலா. துணிந்தவர்களுக்குக் கேரளம்.

நல்லதை முதலில் பார்ப்போம்.

பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரி அணியின் பெரிய பலம், பையன் முதல் வருடத்திலேயே களத்தில் இறங்கிவிடுவான் என்பது. பதினெட்டு வயது ஆட்டக்காரனுக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. பெரிய பெயருள்ள சென்னைக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருடம் ஜெர்சி மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மூன்றாம் வருடம் ஆசையே போய்த் திரும்பிய பையன்களை ஊரில் பார்க்கலாம். பதினெட்டிலிருந்து இருபது வயதுக்குள்தான் ஆட்டக்காரன் உருவாகிறான். அந்தக் காலத்தில் உட்காரவைக்கப்பட்டவனுக்கு எந்தப் பயிற்சியாளரும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னொரு பலத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. நம் ஊர்ப் பையனுக்குப் பிளஸ் டூ முடித்ததும் வெளிநாட்டுக்குப் போகிற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. கடையில் நிற்கலாம், அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும், மாமா விசா அனுப்புவார். படிப்பில் ஆர்வம் குறைந்த பையனை இன்னும் மூன்று வருடம் இந்த மண்ணில் நிறுத்தி, கையில் ஒரு பி.காம். பட்டத்தைக் கொடுத்து அனுப்புவதற்குக் கால்பந்தைப் போல உதவியது வேறொன்றும் இல்லை. பட்டத்தோடு போகிறவனுக்கு அங்கே கிடைக்கிற வேலை வேறு, சம்பளம் வேறு. விளையாட்டில் அவன் எந்த உயரத்துக்குப் போனான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் பலர் நன்றிக்குரியவர்கள். வகுப்பாசிரியர் கைவிட்ட பையனைத் தேர்வு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைக்கிறவர்கள் அவர்கள்தான்.

இனி குறைகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. பல்கலைக்கழக அளவில் கல்லூரிகளுக்கிடையே நடக்கிற போட்டி பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடக்கிறது. கடைசி நான்கு அணிகளுக்கு லீக் வைப்பதுண்டு. அதாவது, முதல் ஆட்டத்தில் தோற்ற கல்லூரிக்கு அந்த வருடப் பல்கலைக்கழகப் போட்டி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன்பிறகு வேறு கல்லூரிகள் நடத்துகிற கோப்பைப் போட்டிகள் இருக்கின்றன. நிர்வாகம் பயணச் செலவு கொடுத்தால் போகலாம், இல்லையென்றால் இல்லை. ஒரு சின்னக் கல்லூரி அணி வருடம் முழுக்க ஆடுகிற போட்டி ஆட்டங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய நிலை பல இடங்களில் இருக்கிறது. வருடம் முழுக்கக் காலையும் மாலையும் பயிற்சி, ஆடுவதோ விரல்விட்டு எண்ணுகிற ஆட்டங்கள்.

அமெரிக்காவில் இதற்கு இணையான ஒன்றைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே சின்னக் கல்லூரிகளின் விளையாட்டு பெருமளவு என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் வருகிறது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். விளையாட்டுத் திறமைக்கென்று ஒரு பைசா உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்பக் கிடைக்கிற உதவி மட்டும்தான். நம்மைப் போல ‘ஹாஸ்டல் ஃப்ரீ’ என்று அங்கே யாரும் அழைக்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவில் பேஸ்பால் ஆடுகிற ஒரு கல்லூரி அணி ஒரு பருவத்தில் 40 ஆட்டங்கள் வரை ஆடலாம். முதல் நாள் தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது. அணியில் யார் யார், எந்த இடத்தில் ஆடுகிறார்கள், எந்த வருடம் படிக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை ஆட்டம் இறங்கினார்கள் என்ற கணக்கைக் கல்லூரியே பொதுவில் வைக்கிறது. சேரப்போகிற பையனின் பெற்றோர் அதைப் பார்த்து, நம் பிள்ளை ஆடுகிற இடத்தில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்களே, இவனுக்கு எப்போது முறை வரும் என்று கேட்கிறார்கள். பயிற்சியாளர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், அவர் சேர்த்த பையன்களில் எத்தனை பேர் கடைசி வருடம் வரை அணியில் தங்கினார்கள் என்றும் விசாரிக்கிறார்கள்.

பணமும் வசதியும் அங்கே அதிகம், நமக்கு ஒத்துவராது என்று சொல்லலாம். ஆட்டக்காரர் பட்டியலை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பணம் வேண்டாம். நாக்-அவுட்டை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையைச் சுற்றியிருக்கிற கல்லூரிகள் தங்களுக்குள் ஒரு வார இறுதி லீக் ஆடுவதற்கும் பெரிய பணம் வேண்டாம். ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் கல்லூரிகள் இருக்கிற ஊர் அது.

இரண்டாவது குறை சான்றிதழ் சம்பந்தப்பட்டது. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். மத்திய அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கிற சான்றிதழ்களில் நான்கு படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்குப் படிவம் 4. இந்த வரிசையில் கல்லூரிக் கோப்பை எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கல்லூரிக்காகப் பையன் அடித்த கோல்கள் கல்லூரியின் அலமாரிக்குப் போகும். அவன் கைக்கு வருகிற மதிப்புள்ள காகிதம் படிவம் 3 மட்டும்தான். அதற்கு அவன் கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாவது எளிதல்ல. 1990-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களோடு குமரி மாவட்டமும் வருகிறது. குமரியின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக இருக்கிற மீனவக் கிராமங்கள் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த கால்பந்து விளைநிலம். சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் ஏ.டி.கே.யிலும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். தூத்தூர் புனித யூதா கல்லூரி மைதானத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால், நம் பையன் எவரோடு போட்டிபோட வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிடும். ஒரு பல்கலைக்கழக அணியில் இருபது பேர் அளவுக்குத்தான் இடம். காயல்பட்டினத்துப் பையன் அந்த இருபதுக்குள் வர வேண்டுமென்றால், தேர்வாளர்களின் கண்ணில் படும்படி அவனுடைய கல்லூரி கடைசிச் சுற்றுகள் வரை முன்னேற வேண்டும், அல்லது அவனைத் தேர்வு முகாமுக்கு அனுப்பிவைத்துப் பேசுகிற உடற்கல்வி இயக்குநர் வேண்டும். ஒரு சின்னக் கல்லூரியின் தரத்தை அளக்க நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி இது: கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள்? பெயர் சொல்லத் தயங்குகிற இடத்தில் யோசித்துத்தான் சேர வேண்டும்.

படிவம் 3 இருந்தால் வேலை வந்துவிடுமா என்றால், அதுவும் முன்போல இல்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்றவை சென்னை லீக்கில் அணி வைத்து, ஆட்டக்காரர்களை வேலையில் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை இன்னும் நம் ஊரில் பேசிக்கொண்டிருக்கிறது. ஆள் எடுப்பது இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் படிப்பைப் பற்றிய கேள்வி இன்னும் அவசரமாகிறது.

அந்தக் கேள்விக்கு வருவோம். பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். போட்டிக்குப் போகிற நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுப்பார்கள், அது வருகைப் பதிவேட்டைக் காப்பாற்றும். ஆனால் அந்த நாளில் நடந்த இன்டர்னல் தேர்வை யார் திரும்ப வைப்பார்கள்? சில துறைகளில் வைக்கிறார்கள், சிலவற்றில் ‘உன் பி.டி. சாரிடமே மார்க் வாங்கிக்கோ’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. அதையொட்டித்தான் பல்கலைக்கழக முகாமும் தென்மண்டலப் போட்டியும் வரும். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்த பையன் ஐந்தாம் செமஸ்டரில் ஆறு அரியரோடு நிற்பான். அவன் நல்ல ஆட்டக்காரனாக இருந்தால் யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். மூன்று வருடம் முடிந்த பிறகு அந்த அரியரை ஊரிலிருந்து தனியாக வந்து எழுத வேண்டியவன் அவன்தான். அதற்குள் விசா வந்துவிடும். பட்டம் போய்விடும். பட்டத்துக்காகத்தான் இந்த ஏற்பாடே நல்லது என்று மேலே சொன்னேன். பட்டமும் இல்லையென்றால் கல்லூரி அவனிடமிருந்து ஆட்டத்தை வாங்கிக்கொண்டு அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

சலுகை பற்றிய வாய்ப்பேச்சும் இதே வகைதான். ‘ஃபீஸ் விஷயம் சார் பேசிக்கிடுவாரு’ என்று சொன்ன சார் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும்? பையனுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, ஒன்பது மாதம் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஹாஸ்டல் இலவசமாகவே தொடருமா? இந்தக் கேள்வியைச் சேர்க்கும்போதே கேட்கிற பெற்றோர் மிகக் குறைவு. கேட்டால் நல்ல இயக்குநர்கள் கோபப்பட மாட்டார்கள். முதல்வரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கித் தருகிறவர்களும் உண்டு. அப்படித் தருகிற கல்லூரி, கோப்பை ஒன்றுகூட இல்லாவிட்டாலும், என் கணக்கில் மேலே வரும்.

காயம் என்றதும் மைதானம் நினைவுக்கு வருகிறது. நம் பையன்கள் கடலோர மணலில் ஆடிப் பழகியவர்கள். அந்தக் கால்களை உள்நாட்டுக் கல்லூரிகளின் கட்டாந்தரையில் ஜூன் மாத வெயிலில் ஓடவிட்டால், முதல் இரண்டு மாதத்திலேயே முழங்கால் வலி என்பார்கள். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை, மைதானம் சேறாகிவிடும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. அது எப்போதாவது நடக்கிற பேரிடர், அதற்குக் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வழக்கமான நவம்பர் மழையிலேயே மூன்று வாரம் பந்தைத் தொட முடியாத மைதானத்தில் என்ன அணியை உருவாக்க முடியும்?

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள், முதல்வர் அறைக்குப் போவதற்கு முன்பு சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்துக்குப் போய் நிற்க வேண்டும். கோல் கம்பத்தில் வலை இருக்கிறதா? கோல் கீப்பர் குதிக்கிற இடத்தில் தரை தோண்டி மண் போட்டிருக்கிறதா, அல்லது கல் தெரிகிறதா? இருபத்தைந்து பையன்களுக்கு எத்தனை பந்து? அநேக இடங்களில் நான்கோ ஐந்தோ இருக்கும், அதிலும் ஒன்றிரண்டில் தையல் விட்டிருக்கும். உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கால்பந்து, வாலிபால், கபடி, தடகளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விசிலை ஒரு சீனியரிடம் கொடுத்துவிட்டு அடுத்த மைதானத்துக்குப் போவார். அந்த சீனியர் பையன்களை எப்படி நடத்துகிறான் என்பதைக் கவனியுங்கள். முதல் வருடப் பையன் தவறவிட்ட பாஸுக்கு என்ன சொல்கிறான்? பயிற்சி முடிந்ததும் தசைகளைத் தளர்த்துகிறார்களா, அல்லது அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்துபோகிறார்களா? கணுக்கால் பிசகிய பையனுக்கு ஐஸ் எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து, பிளாஸ்டிக் பையில் வரும். வந்தால் சரி. அந்த அரை மணி நேரத்தில் தெரிகிற அளவுக்குக் கல்லூரி மலரில் தெரியாது.

இன்னொன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அணியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வேறொரு முதுகலையில் பெயருக்குச் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர்? கோப்பை வாங்குகிற கல்லூரிகளில் இந்த வழக்கம் இருக்கிறது. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேர் இருக்கிற அணி, பதினெட்டு வயதுப் பையன்களின் அணியை எளிதாக ஜெயிக்கும். விதிப்படி தவறில்லை. ஆனால் புதிதாகச் சேர்கிறவனுக்கு அங்கே இடம் இல்லை. அவனைச் சேர்ப்பது, அந்த சீனியர்கள் போன பிறகு பயன்படட்டும் என்பதற்காக. அதற்குள் அவனுடைய மூன்று வருடம் ஓடிவிடும். கோப்பை நிறைந்த அலமாரியைப் பார்த்து நாம் மகிழ்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

கேரளத்துக்குப் போகிற பையன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழிக்கோடு பல்கலைக்கழகம் அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்தில் பல முறை வென்ற பெரிய பெயர். அங்குள்ள கல்லூரிகளில் கால்பந்துக்கு இருக்கிற மதிப்பு இங்கே கிரிக்கெட்டுக்குக்கூட இல்லை. நம் பையன் அங்கே போனால் ஆட்டம் கூர்மையாகும், சந்தேகமில்லை. ஆனால் மொழி வேறு, பாடம் பின்தங்கும். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பருவம் தொடங்கிவிட்டால் மலப்புறத்தில் ஓர் இரவு ஆடினால் கையில் பணம் கிடைக்கும். அந்தப் பணத்தின் ருசி பட்ட பையன் வகுப்புக்குத் திரும்புவது கடினம். முழங்கால் போகிற இடமும் அதுதான். உண்மையிலேயே மாநில அளவைத் தாண்டக்கூடிய திறமை, அதுவும் பயிற்சியாளர் ஒருவர் பார்த்து உறுதிசொன்ன திறமை, இருந்தால் மட்டும் கேரளம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

திருச்செந்தூர் கல்லூரியைப் பலர் மட்டமாக நினைப்பது எனக்கு வருத்தம். வீட்டுச் சாப்பாடு, நோன்பு மாதத்தில் சஹருக்கு உம்மா எழுப்பிவிடுகிற வசதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ, சாயங்காலம் ஊர்ச் சங்கத்து மைதானத்தில் பெரியவர்களோடு ஆட்டம், இத்தனையும் அவனுக்குக் கிடைக்கும். சங்கத்து அணிக்காக ஒரு பையன் வருடத்தில் ஆடுகிற ஆட்டங்கள், கல்லூரி அணிக்காக ஆடுவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆட்டங்களின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், நடுத்தரத் திறமையுள்ள பையனுக்கு ஊரில் இருந்துகொண்டு பக்கத்தில் படிப்பது பாளையங்கோட்டை ஹாஸ்டலைவிட நல்ல ஏற்பாடு. பட்டம் முடிந்தபின் பயிற்சியாளராகவோ ஆசிரியராகவோ போக விரும்பினால், டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரியும் அதே திருச்செந்தூரில்தான் இருக்கிறது. அங்கே பி.பி.எட். முடித்து, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் வாங்குகிறவனுக்குப் பள்ளிக்கூடங்களிலும் அகாடமிகளிலும் வேலை இருக்கிறது. கால்பந்தை வாழ்க்கையாக்க விரும்புகிற நம் பையன்களில் பெரும்பாலோருக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடிய வழி இது.

இதுவரை பையன், பையன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். ஊருக்குள்ளேயே வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி இருக்கிறது. மதுரைச் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2018-19 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. தமிழ்நாட்டுப் பெண்களின் கால்பந்து ஆண்களுடையதைவிடப் பல படி முன்னே நிற்கிறது. நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு, மறைவான மைதானமும் பெண் பயிற்சியாளரும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கிடைத்தால், எத்தனை வீடுகள் மறுக்கும்? பேசப்படாமலே இருக்கிற கேள்வி இது.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. காயல்பட்டினத்து ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்துச் சின்னக் கல்லூரி சரியான இடம்தான், ஆனால் அந்தக் கல்லூரி மூன்று கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் மட்டும்: போன வருடம் அணி எத்தனை போட்டி ஆட்டம் ஆடியது, ஐந்து வருடத்தில் எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள், விளையாட்டுச் சலுகையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கினார்கள். காயம்பட்டாலும் சலுகை தொடரும் என்பதை எழுத்தில் தரவும் வேண்டும்.

இந்தக் கேள்விகளைத் தனித்தனி வீடுகள் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஊர்ச் சங்கங்கள் கேட்டால் வரும். ஐக்கிய விளையாட்டுச் சங்கம், காயல் ஸ்போர்ட்டிங் கிளப் போன்றவை எவ்வளவோ செலவுசெய்து போட்டி நடத்துகின்றன. அவற்றிடம் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான். எந்தப் பையன் எந்த வருடம் எந்தக் கல்லூரிக்கு ஆடப் போனான், எத்தனை ஆட்டம் ஆடினான், படிவம் 3 கிடைத்ததா, பட்டம் முடித்தானா என்று வருடா வருடம் எழுதி வையுங்கள். மே மாதத்தில் அழைப்பு வருகிற வீடுகள் அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.